அடிக்கலாமா என்றால், அடிப்பாங்கதான்

மொத்தம் ஏழு காரணங்கள். சொல்லாமல் வெளியே போனால். வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காமல் விட்டால். எதிர்த்துப் பேசினால். உறவுக்கு மறுத்தால். ஒழுங்காகச் சமைக்காவிட்டால். நடத்தையில் சந்தேகம் வந்தால். மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். மனைவி செய்கிற சில காரியங்களால் கணவனுக்குச் சில சமயம் எரிச்சலோ கோபமோ வருவதுண்டு என்று ஒரு முன்னுரை சொல்லிவிட்டு, இந்த ஏழையும் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும், இதற்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் 1. இல்லை என்றால் 2. தெரியாது என்றால் 8.

தேசியக் குடும்ப நல ஆய்வில் இருக்கிற கேள்வி இது. உலகத்தின் பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, நல ஆய்வுகளிலும் இதே கேள்வி உண்டு. அங்கே பெரும்பாலும் ஐந்து காரணங்கள்தான். 'சாப்பாட்டைத் தீய்த்துவிட்டால்' என்று அங்கே இருப்பது நம் ஊருக்கு வந்தபோது ஒழுங்காகச் சமைக்காவிட்டால் என்று ஆனது. சந்தேகமும் மாமனார் மாமியாரும் இங்கே கூடுதலாகச் சேர்ந்துகொண்டார்கள். சேர்த்தவர்களுக்கு இந்தியக் குடும்பம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் ஏழில் அதிகம் பேர் ஆம் சொல்வது அந்த மாமனார் மாமியார் கேள்விக்குத்தான்.

ஏழில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் சொன்னாலும் அந்தப் பெண் 'அடிப்பதை நியாயப்படுத்துகிறவர்' கணக்கில் வந்துவிடுவார். ஒன்றுக்குச் சொன்னவரும் ஏழுக்கும் சொன்னவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். 2019–21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் இந்தியா முழுக்க இப்படிச் சொன்ன பெண்கள் 45%, ஆண்கள் 44%. தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் பெண்கள் 84%. கர்நாடகாவில் 77%. கேரளாவில் 52%. இமாச்சலப் பிரதேசத்தில் 15%.

இந்த எண்கள் வந்தபோது செய்தித் தலைப்புகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. பெண்களே ஏற்றுக்கொள்கிறார்களாம், பெண்களே நியாயம் என்கிறார்களாம். எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருவன் அந்தச் செய்தியைப் போட்டு, கீழே 'அவங்களே சொல்றாங்க, அப்புறம் என்ன' என்று எழுதி ஒரு சிரிக்கும் எமோஜியும் வைத்தான். நாங்கள் எல்லாரும் அப்போது எம்.எஸ்.டபிள்யூ. படித்துக்கொண்டிருந்தோம். எமோஜியைவிட அந்த 'ளே' என்கிற ஏகாரம்தான் என்னை அதிகம் உறுத்தியது. அவர்களே சொன்னது என்ன, நாம் எழுதிக்கொண்டது என்ன என்று பார்க்கத் தோன்றியது. ஆய்வேட்டுக்கு நான் அந்த ஏழு கேள்விகளையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

போடிநாயக்கனூரை ஒட்டிய இரண்டு ஊர்களில் போய்க் கேட்டேன். அங்கே பெண்களில் பாதிப்பேர் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் வரும். போடிமெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் போய், வேலை முடித்துப் பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்புவார்கள். எனவே எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைகளும் மற்ற நாட்களில் சாயங்காலம் ஒரு மணி நேரமும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், பிள்ளையை உட்கார வைத்துப் பாடம் எழுத வைக்க வேண்டும். நடுவே நான் டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். "கேளு பாப்பா, கை வேலை பாத்துக்கிட்டே சொல்றேன்" என்பார்கள்.

எனக்கு முதலில் தகராறு கொடுத்தது இலக்கணம். 'அடிப்பது நியாயமா' என்று எழுத்துத் தமிழில் வாசித்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதைப் பேச்சாக மாற்றி, "இதுக்காக அடிக்கலாமா அக்கா?" என்றால்தான் பதில் வரும். வருகிற பதில் பெரும்பாலும் 'அடிக்கலாம்' என்பது இல்லை. "அடிப்பாங்கதான்." "அடிக்காம என்ன செய்வாங்க?" "வாய் பேசுனா விழத்தான் செய்யும்." டேப்பில் இதற்கெல்லாம் ஒரே இடம்தான்: 1.

'அடிப்பாங்கதான்' என்பது ஒரு கருத்தா, ஒரு தகவலா? ஊரில் மாடு முட்டும், நாய் கடிக்கும் என்று சொல்வதுபோல் சொல்கிறார்கள். ஜீப்பில் கடைசியாக ஏறினால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்வதுபோல. நம்முடைய 'லாம்' அப்படி. போகலாம் என்றால் அனுமதி. சாப்பிடலாம் என்றால் அழைப்பு. மழை வரலாம் என்று சொல்கிறவர் மழைக்கு அனுமதி கொடுக்கவில்லை. 'விழும்' இன்னும் மோசம். அடி விழும் என்கிற வாக்கியத்தில் அடிக்கிறவனே கிடையாது. மாங்காய் விழுவதுபோல் அதுவாக விழுகிறது.

'நியாயம்' என்ற சொல்லும் அவ்வளவு சுத்தமானது இல்லை. நியாயம் பேச வந்திருக்காங்க என்றால் ஊர்க்கூட்டம். நியாயமான விலை என்றால் கட்டுப்படியாகிற விலை. 'அவரு கோவப்படுறது நியாயந்தானே' என்றால் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். கேள்வியின் முன்னுரையோ கணவனுக்குக் கோபம் வந்ததிலிருந்துதான் தொடங்குகிறது. அதைக் கேட்ட பெண் அந்தக் கோபம் நியாயமா என்று யோசித்து ஆம் என்கிறாரா, அதற்குப் பிறகு வரும் கையைச் சொல்கிறாரா என்று எனக்குப் பல இடங்களில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது. மூலக் கேள்வித்தாளில் இந்த ஏழு கேள்விகளுக்குச் சற்று முன்னால் ஒரு கட்டம் உண்டு. இந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சின்னப் பிள்ளைகள், கணவர், மற்ற ஆண்கள், மற்ற பெண்கள். கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, இருந்தும் கேட்கவில்லையா, இல்லவே இல்லையா என்று குறிக்க வேண்டும். குறித்தால் போதும், கேள்வியை நிறுத்த வேண்டியதில்லை. 'உங்களை உண்மையிலேயே அடித்திருக்கிறாரா' என்று கேட்கிற வேறொரு பகுதிக்குத்தான் தனிமை கட்டாயம். அதை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், தனிமை கிடைக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். ஏழு கேள்விகளுக்கு அந்தக் கவனிப்பு இல்லை. அபிப்பிராயம்தானே, அதனால் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்ற எண்ணமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பதை ஒட்டிய ஓர் அக்கா வாசல் திண்ணையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னார். ஓரடி தள்ளி அவருடைய மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். 'மற்ற பெண்கள்: கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்று குறித்தேன். ஏழாவது கேள்வி வந்தது. மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால்? அக்கா என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தபடி "அதெல்லாம் தப்புதானே, அடிக்கத்தான் செய்யணும்" என்றார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. உரித்த வெங்காயத்தை ஒரு தட்டு தட்டிக் கூடையில் போட்டார். ஏழில் ஐந்துக்கு ஆம்.

பாட்டி கடைக்கு எழுந்து போனதும் அக்கா என் டேப்பை எட்டிப் பார்த்தார். "எல்லாம் எழுதிட்டியா தாயி?" எழுதிவிட்டேன் என்றேன். "நான் ஒண்ணு சொல்றேன், இத எழுதாட்டியும் பரவாயில்ல. என் மக கட்டிக்கொடுத்த எடத்துல குழம்பு சரியில்லேன்னு அவன் கை நீட்டுனா, நான் அவன் வீட்டு வாசல்ல போயி நின்னு ரெண்டுல ஒண்ணு பாக்காம வர மாட்டேன்."

குழம்பு சரியில்லை என்பது ஐந்தாவது கேள்வி. அதற்கு அவர் ஏற்கெனவே ஆம் சொல்லியிருந்தார். கேள்வித்தாள் பொதுவாக 'ஒரு கணவன், ஒரு மனைவி' என்றுதான் கேட்கிறது. அந்த மனைவி யாரென்று அது சொல்வதில்லை. அவர் முதல் தடவை யாரை நினைத்து ஆம் சொன்னார்? தன்னைத்தான் என்று நினைக்கிறேன். தனக்கு நடந்தது அவருக்குச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. மகளுக்கு நடந்தால் அது வழக்கு.

இது நான் மட்டும் கண்ட விஷயம் இல்லை. சிட்னி ரூத் ஷூலரும் ஃபர்சானா இஸ்லாமும் பங்களாதேஷ் கிராமங்களில் செய்த ஆய்வு 2008இல் வந்தது. 2011இல் ஷூலர், ரேச்சல் லென்சி, கேத்ரின் யவுண்ட் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, கருத்துக்கணிப்புக் கேள்விகள் எதைத் தவற விடுகின்றன என்பதைப் பற்றியது. கணக்கெடுப்பில் ஆம் சொன்ன பெண்களிடம் உட்கார்ந்து விரிவாகப் பேசினால், ஊர் என்ன நினைக்கிறது என்பதைத்தான் பலர் பதிலாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய சொந்த எண்ணம் அதே அளவுக்கு 'ஆம்' ஆக இல்லை. வங்காளியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தபோது, தமிழ் இலக்கணத்தின் மீது நான் போட்ட பழியில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சமூக வழக்கங்களைப் பற்றி எழுதுகிற கிறிஸ்டினா பிக்கியெரி இரண்டு எதிர்பார்ப்புகளைத் தனித்தனியாக அளக்கச் சொல்கிறார். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் நினைப்பது ஒன்று. நான் என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் நினைப்பதாக நான் நினைப்பது இன்னொன்று. இந்த இரண்டும் போக என் சொந்த எண்ணம் தனி. நம் ஊரில் இந்த மூன்றுக்கும் நடுவே 'நாலு பேர்' உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேர் என்ன செய்வார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள், நீ என்ன சொல்கிறாய். 'நியாயமா' என்கிற ஒரே கேள்வி மூன்று கேள்விகளின் பதிலையும் ஒரே பாத்திரத்தில் பிடிக்கிறது.

ஆண்களிடம் நான் கேட்கவில்லை. உடன் படித்த நண்பன் கேட்டான். ஆண்களை ஆண்கள் கேட்பதுதான் முறை. டீக்கடையிலும் கோவில் மேடையிலும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவன், "எல்லாம் நல்லவங்களா இருக்காங்களே" என்று தலையைச் சொறிந்தான். வரிசையாக 2. "சேச்சே, பொம்பளைய அடிக்கிறதா? தப்புங்க." நான் 1 போட்ட அதே தெரு. அவன் காட்டிய ஒரு பதிலை என்னால் மறக்க முடியவில்லை. ஏழு கேள்விக்கும் இல்லை என்று சொன்ன ஒருவர் கடைசியில் இப்படிச் சேர்த்திருக்கிறார்: "எங்க வீட்டுல அந்த அளவுக்கு வச்சுக்க மாட்டா தம்பி." அடி வாங்கும் அளவுக்குப் போகாமல் அவள் பார்த்துக்கொள்வாளாம். இதற்கும் எண் 2தான். இந்த உலகத்தில் அடியை நிராகரிக்கிற ஆண்களில் ஒருவராக அவர் எண்ணப்படுவார்.

தேசிய அளவில் ஆண்களின் எண்ணிக்கை 2005–06இல் 51%, 2015–16இல் 42%, 2019–21இல் 44%. பெண்கள் 54, 52, 45 என்று இறங்கியிருக்கிறார்கள். இந்த இறக்கம் மனம் மாறியதா, சரியான பதில் எதுவென்று தெரிந்துகொண்டதா என்று இந்த எண்களை வைத்து மட்டும் சொல்ல முடியாது. சரியான பதிலைத் தெரிந்துகொள்வதும் ஒரு மாற்றம்தான் என்பேன். வெளியே சொல்லக் கூச்சம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கூச்சம் முதலில் டீக்கடைக்கு வந்து, பிறகு மெதுவாக அடுப்படிக்கு வருகிறது என்றால், நடுவே இருக்கிற சில வருடங்களுக்குப் பெண்கள்தான் பிற்போக்கானவர்கள் மாதிரி தெரிவார்கள்.

உண்மையில் நடந்த அடியை அளப்பது தனிக்கலை. மர்ரே ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979இல் வெளியிட்ட அளவுகோலைத் திருத்தித்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வன்முறை என்ற சொல்லையே விட்டுவிட்டு ஒவ்வொரு செயலாகக் கேட்பது அதன் உத்தி. தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா. யார் ஆரம்பித்தது, யாருக்குப் பயம் என்பதையெல்லாம் விட்டுவிட்டுச் செயல்களை மட்டும் எண்ணுகிறது என்று அதன்மேல் பெண்ணியவாதிகளுக்குப் பலமான விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் நம் ஊரில் அது வேலை செய்கிறது. "அடிப்பாரா?" என்றால் "சேச்சே, எங்க வீட்டுக்காரரு அப்படியில்ல." "கன்னத்துல அறைஞ்சிருக்காரா?" என்றால் "அது எப்பவாச்சும்." அறை அடியில் சேராது. ரெண்டு தட்டு தட்டுவது, கை நீட்டுவது எதுவுமே அடியில் சேராது. அடி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவது.

இப்படிக் கேட்டு எடுத்த கணக்கில், மணமான பெண்களில் கணவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள் ஐந்தாவது ஆய்வின்படி இந்தியாவில் 29%, தமிழ்நாட்டில் 38%, கேரளாவில் 10%. நியாயம் என்று சொன்ன 52% எங்கே, அனுபவித்த 10% எங்கே. இரண்டும் ஒரே மாநிலம். கர்நாடகாவிலோ நான்காவது ஆய்வில் 21% இருந்தது ஐந்தாவதில் 44% ஆனது. நான்கைந்து வருடத்தில் கன்னடக் கணவர்கள் இரண்டு மடங்கு மோசமானார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. வாயைத் திறந்தவர்கள் கூடியிருக்கலாம், கேட்டவர்கள் நன்றாகக் கேட்டிருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். அனுபவித்த பெண்களில் 77% பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அப்படியானால் டேப்போடு வந்து நிற்கும் முன்பின் தெரியாத பெண்தான் பலருக்கு முதல் ஆள்.

கைடிடம் இதையெல்லாம் சொல்லி, கேள்வியை மாற்றலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். அவர் சொன்ன காரணம் சரியானதுதான். 2005இல் கேட்ட அதே வார்த்தைகளில் கேட்டால்தான் 2005உடன் ஒப்பிட முடியும். அளவுகோல் வளைந்திருந்தாலும் அதே வளைவோடு எல்லா வருடமும் அளந்தால் ஏதோ ஒன்று தெரியும். நடுவில் நிமிர்த்தினால் எதுவுமே தெரியாது. நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு பாட்டி கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஏழையும் பொறுமையாகக் கேட்டு, ஏழுக்கும் "ஆமா" சொன்ன பாட்டி அவர். முடிந்தது என்று நான் எழுந்தபோது, "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் பாட்டி. "குடிச்சிட்டு வந்து சும்மா அடிச்சா அடிக்கலாமான்னு நீ கேக்கவே இல்லையே?"

திரும்ப ஏழையும் படித்துப் பார்த்தேன். ஏழும் மனைவி செய்கிற காரியங்கள். அவள் போனாள், அவள் பேசினாள், அவள் மறுத்தாள், அவள் மதிக்கவில்லை. அவன் செய்கிற காரியம் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. இதே ஆய்வின் வேறொரு அட்டவணையில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவிமாரில் 70% பேர் வன்முறையை அனுபவித்தவர்கள் என்றும், குடிக்காத கணவர்களின் மனைவிமாரில் அது 23% என்றும் இருக்கிறது. ஆய்வுக்கு அது தெரியும். நியாயமா என்ற கேள்வியில் மட்டும் அவனைக் கேட்பதில்லை. பாட்டியிடம், "குடிச்சிட்டு வந்து சும்மா அடிச்சா?" என்று நானே கேட்டேன். "அது எப்படித்தா நியாயமாகும்? அது அக்குரமம்" என்றார். ஏழுக்கும் ஆம் சொன்ன வாய்.

இப்படிக் கிடைத்த வாக்கியங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அட்டவணையில் அவற்றுக்கு இடம் இல்லை. கைடு பெருந்தன்மையாகப் பின்னிணைப்பில் நான்கு பக்கம் கொடுத்தார். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் பின்னிணைப்பைப் பிரித்ததாகத் தெரியவில்லை. அதை முழுதாகப் படித்த ஒரே ஆள், தட்டச்சு செய்து கொடுத்த டி.டி.பி. கடை அக்கா. பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "நாலாவது கேள்விக்கு மட்டும் எல்லாரும் சிரிச்சாங்கன்னு போட்டிருக்கீங்களே. சிரிச்சதுக்கு என்ன நம்பர்?"

நான்காவது, உறவுக்கு மறுத்தால் என்பது. சிரித்துவிட்டு இல்லை என்றால் 2, சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் 8 என்று சொன்னேன்.

"எட்டுன்னா தெரியாதுன்னுல்ல போட்டிருக்கு" என்றார். பிறகு, பைண்டிங் அட்டை நீலமா கறுப்பா என்று கேட்டார்.